கத்திரியில் காலுக்குக் கீழே

மே 4

இன்று கத்திரி தொடக்கம். 28 வரை நீளும். புதுச்சேரியின் வில்லியனூர் மாடவீதியில் காலை பத்து மணிக்கே தார் இளகுகிறது.

செய்தியில் சொல்வது காற்றின் சூட்டை மட்டும்தான். தரையின் சூட்டை யாரும் சொல்வதில்லை. காற்று நாற்பது டிகிரியைத் தொடும் நாளில், வெயில் நேராக விழும் தார்ச்சாலை அறுபதைத் தாண்டிவிடும். அறுபது டிகிரியில் மனிதத் தோல் வெந்துபோக ஐந்து விநாடியே போதும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். நாற்பத்துநான்கு டிகிரி என்றால் ஆறு மணி நேரம்போல ஆகும் என்பதும் அவர்கள் கண்டதுதான். சூடு கொஞ்சம் குறைந்தாலும் நேரம் நீண்டால் புண் நிச்சயம்.

உணர்ச்சியுள்ள கால் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். தேரடியில் ஐஸ் வாங்க வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். விரல் நுனியில் குதித்து, மர நிழலில் நின்று, சுவரோரத்தில் ஒண்டி, அடுத்த நிழலுக்குப் பாய்கிறார்கள். எங்கே கால் வைக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சுடுவதே போதுமான ஆசான். இந்த நாட்களில் நான் யோசிப்பதெல்லாம் அந்த ஆசானை இழந்துவிட்ட கால்களைப் பற்றித்தான்.

*

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. நேற்றுத் திண்ணையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னான்னே தெரியல தம்பி, பஞ்சு மேல நடக்கிற மாதிரியே இருக்குது. செருப்பு கழண்டு வுழுந்தாக்கூடத் தெரியல. பின்னால வர்ற புள்ளைங்கதான் எடுத்தாந்து குடுக்குதுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதமதப்பு, காந்தல், பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு, கழன்ற செருப்பு தெரியாமல் போவது: சர்க்கரை நோயைப் பார்க்கும் மருத்துவர்கள் கால் நரம்பு பழுதாகிறதா என்று அறியக் கேட்கும் கேள்விகள் இவைதான். நான் கேட்காமலே எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நாடு முழுவதும் நடத்திய சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. கோவாவில் நூற்றுக்கு 26.4 பேர், புதுச்சேரியில் 26.3 பேர், கேரளாவில் 25.5 பேர். பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். வில்லியனூர் சந்தையில் காய் வாங்க நிற்கும் கூட்டத்தையும், பாகூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களையும் அதற்குப் பிறகு நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்த்துவிடுகிறேன். பாதிப்பேர் காலில் ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் தாள்போலத் தேய்ந்திருக்கிறது. சிலர் அறுந்த வாரை ஊக்கு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊக்கின் முனை உள்பக்கம் திரும்பினால் பஞ்சு மேல் நடக்கும் கால் எப்படி அறியும்?

*

வலி தெரியாத கால்கள் என்றால், மருத்துவர் பால் பிராண்டைப் பற்றி இங்கே எழுதிவைக்க வேண்டும்.

1914-ல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். மலைப் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடி வளர்ந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்ட் நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்து கவனித்தார். சுடும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினார்கள். ஆணி குத்திய காலோடு மாலைவரை நடந்தார்கள். உள்ளங்காலில் குழிப்புண்ணோடு நொண்டாமல் நடந்தார்கள். நொண்டாமல் நடந்ததுதான் அவருக்கு வழி காட்டியது. வலி தெரிந்திருந்தால் நொண்டியிருப்பார்கள். நொண்டியிருந்தால் அந்த இடத்தில் பாரம் குறைந்திருக்கும், புண்ணும் ஆறியிருக்கும். நோய் செய்வது நரம்பைக் கொல்வது. விரலையும் பாதத்தையும் அழிப்பது, வலி தெரியாமல் வாழும் அன்றாடம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு செருப்பு அவருக்கு மருந்தாகிவிட்டது. எந்தப் பொருளில் செய்தால் உள்ளங்காலின் பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவும் என்று வேலூரிலும் கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் தேடினார்கள். நுண்துளை ரப்பர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர்.) அப்படித்தான் வந்தது. மேலே பாதத்துக்கு இதமான நுண்துளை ரப்பர், அதற்குக் கீழே முள்ளும் கல்லும் ஏறாத கெட்டியான அடி, கழன்றுபோகாமல் பிடிக்கப் பின்வார். இன்று மருந்துக்கடைப் பக்கத்தில் "எம்.சி.ஆர். செருப்பு" என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற பாடம் அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த அறிவு பிறந்த இடம் நம்மிடமிருந்து நான்கு மணி நேரப் பயணம். அக்காவின் காலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

*

மே 10, பாகூர்

சொர்ணவாரி நடவு. ஏரிக்குக் கீழே போர் தண்ணீர் பாயும் வயல்கள் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் வெடிப்பு.

நடவுப் பெண்களுக்கு இந்தப் பருவம் இரண்டு தரைகளைத் தருகிறது. வயலுக்குள் காலை முழுக்கச் சேறு. கரையேறினால் கொதிக்கும் வரப்பு. ஊறிய தோல் சட்டென்று காயும்போது குதிகாலில் வெடிப்பு விழுகிறது. விரல் இடுக்கில் சேற்றுப்புண். பாட்டி காலத்திலிருந்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுகிறார்கள், இரவில் விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். எண்ணெய் வெடிப்பை இளக்குவது உண்மை. ஆனால் விரல் இடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது. அங்கே எண்ணெயும் வேண்டாம். துணியால் ஒற்றிக் காயவைப்பதுதான் பாதி வைத்தியம்.

சேற்றுக்குள் செருப்போடு இறங்க முடியாது, இழுத்துக்கொண்டுவிடும். அதனால் நடவுக்கு வெறுங்கால் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வரப்பில் மட்டும் செருப்பு வேண்டும், அதுவும் நல்லதாக. அந்தி சாய்ந்து வீடு திரும்பும் வழியில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது. ஒரு டார்ச் விளக்கும் மூடிய செருப்பும் எத்தனையோ பேரைக் காப்பாற்றும்.

வேலை முடிந்து ஒரு பாட்டி வாய்க்கால் மதகில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் செருப்பைப் பார்த்தேன். வலது செருப்பின் வெளி ஓரம் முழுதாகத் தேய்ந்து சரிவாகிவிட்டது. சரிந்த பலகையில் நின்றால் கணுக்கால் சாயும், அதோடு முழங்காலும் சாயும், இடுப்பு அதை ஈடுகட்டப் பார்க்கும். பாதம் ஒன்றில் 26 எலும்பு, 33 மூட்டு. அடியில் அரை அங்குலம் கோணினால் அதன் செய்தி மேலே போய்க்கொண்டே இருக்கும். "பழைய செருப்புதான் காலுக்குப் பழகிப்போச்சு" என்றாள் பாட்டி. செருப்பின் கோணலுக்குக் கால்தான் பழகியிருக்கிறது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். "புதுசு ஒன்னு வாங்கிக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். பேரனுக்கு இந்த வருடம் ஷூ வாங்கவேண்டியிருக்கிறதாம்.

இது பாகூரில் மட்டும் இல்லை, என் வீட்டிலும் இதுதான் நடந்தது. வீட்டில் எல்லார் செருப்பும் மாறிய பிறகுதான் அம்மாவின் செருப்பு மாறும்.

*

ரப்பர் செருப்பு நல்லதா கெட்டதா என்று கேட்கிறார்கள். கிடைத்த ஆய்வுகளைப் படித்துப் பார்த்தேன். ஒரே பதில் இல்லை.

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 2008-ல் மாணவர்களை ரப்பர் செருப்பிலும் கட்டுக் காலணியிலும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ரப்பர் செருப்பில் அடி குட்டையாகிறது. வாரை விடாமல் பிடிக்க விரல்கள் மடங்கி மடங்கி வேலை செய்கின்றன. கொஞ்ச தூரத்துக்கு இது ஒன்றுமில்லை. நாள் முழுக்க என்றால் உள்ளங்கால் சவ்வும் கெண்டைக்காலும் முன்னங்காலும் கணக்குக் கேட்கும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போது முதல் அடியில் குதிகால் சுரீர் என்கிறதே, அது அந்தச் சவ்வின் புகார்.

முழங்கால் விஷயம் வேறு மாதிரி. சிகாகோவின் ரஷ் மருத்துவக் கல்லூரியில் நஜியா ஷகூர் என்ற மருத்துவர் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை நடக்கவிட்டு அளந்தார். கனமான, குதிகால் உயர்ந்த காலணிகளில் முழங்கால் மீது விழும் பாரம் கூடுகிறது. வெறுங்காலிலும் தட்டையான, வளையும் செருப்பிலும் குறைகிறது. 2010-ல் வந்த முடிவு இது. இதைப் படித்து நான் மகிழ்ந்தேன். நம் எளிய செருப்புக்கு நற்சான்று கிடைத்ததுபோல் இருந்தது.

2021-ல் மெல்போர்னிலிருந்து வந்தது அதற்கு நேர் எதிர். முழங்கால் வலியுள்ள 164 பேர். பாதிப்பேருக்குத் தட்டையான, வளையும் காலணி. பாதிப்பேருக்கு உறுதியான, காலைத் தாங்கிப் பிடிக்கும் காலணி. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, உறுதியான காலணி போட்டவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு நடக்கும்போது வலி நன்றாகக் குறைந்திருந்தது. மற்றவர்களில் 40 பேருக்குத்தான். கருவியில் பாரம் குறைவாகத் தெரிவதும், மனிதருக்கு வலி குறைவதும் ஒன்றல்ல போலும்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மூட்டு நன்றாக இருக்கும் இளவயதுக்காரர் காலை வேளையில் மண்ணில், புல்லில், ஏரிக்கரையில் வெறுங்காலோடு நடக்கட்டும். முழங்கால் வலியோடு அறுபதைத் தாண்டியவர், பின்வாரும் உறுதியான அடியும் உள்ள செருப்பைப் போட்டுக்கொள்ளட்டும். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரமான குளியலறைப் படியில் வழுக்கினால் இடுப்பெலும்பு போகும். சர்க்கரையால் கால் மரத்தவருக்கு வெறுங்கால் கூடவே கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது.

இந்தக் கடைசி வார்த்தையை எங்கள் தெருவில் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். வாசலில் செருப்பை விடுவது நம் உடம்பில் ஊறியது, எனக்கும் அப்படித்தான். ஆனால் சாணம் மெழுகிய தரையும் சிவப்புச் சிமெண்டுத் தரையும் போய் டைல்ஸ் வந்துவிட்டது. அடுப்படியில் காலை நாலு மணி நேரம் அதன்மேல் நிற்கும் பெண்களுக்குக் குதிகால் வலி வருகிறது. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி வைத்துக்கொள்வதில் ஆசாரம் கெடாது. பூசையறைக்கு முன்னால் கழற்றிவிட்டால் போகிறது.

*

குழந்தைகள்

கோடை விடுமுறையில் பிள்ளைகளின் கால் விடுதலையாகிறது. பள்ளி நாட்களில் காலை முதல் மாலை வரை கறுப்பு ஷூவுக்குள் வேர்த்து ஊறிய பாதங்கள்.

மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவமனையில் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற மருத்துவர்கள் நான்கு வயது முதல் பதின்மூன்று வரையிலான 2,300 பிள்ளைகளின் பாத அச்சை எடுத்தார்கள். 1992-ல் வெளியிட்டார்கள். காலணி போடும் பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 பேருக்கு. முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்கு அதிகம். சாண்டலும் செருப்பும் போட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. வளரும் பாதத்தின் வளைவு உருவாக விரல்கள் விரிந்து மடங்கி உழைக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து வெளியான, பெரியவர்களிடம் ஜோசப் இன்னொருவரோடு நடத்திய ஆய்விலும், ஆறு வயதுக்கு முன்பே ஷூவுக்குள் போன கால்களில்தான் தட்டைப் பாதம் அதிகம் என்று கண்டார்கள்.

குளித்துவிட்டு வரும் பிள்ளையின் ஈரக்கால் சிமெண்டுத் தரையில் விடும் தடத்தைப் பாருங்கள். நடுவில் உள்பக்கம் வெற்றிடம் இருந்தால் வளைவு இருக்கிறது. முழுக் காலும் பதிந்தால், ஆறேழு வயதுக்குப் பிறகும் அப்படியே இருந்து வலியும் இருந்தால், மருத்துவரிடம் காட்டலாம். சின்னப் பிள்ளைக்குத் தட்டையாக இருப்பது இயல்புதான், பதறவேண்டாம்.

*

செருப்பு எல்லாருக்கும் எப்போதும் அனுமதிக்கப்பட்டதாக இருந்ததில்லை. 1873-ல் புதுச்சேரியில் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். அது படித்த ஒருவரின் வெற்றி. அதே காலத்திலும் அதற்கு வெகுகாலம் பின்னும், தமிழ்க் கிராமங்களில் சேரியிலிருந்து ஊர்த்தெருவுக்குள் வரும் மனிதர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. சித்திரை வெயிலிலும் அப்படித்தான் போனார்கள். அவமானத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். வெந்த உள்ளங்கால்களைப் பற்றியும் பேசவேண்டும். பரம்பரை பரம்பரையாக ஒரு மக்கள் கூட்டத்தின் பாதங்களில் ஏறிய வெயில் அது.

*

மே 19

யானைக்கால் கண்ட பெரியவர் ஒருவர் மாலையில் கோயில் குளத்துப் படியில் வந்து உட்காருவார். இந்த நோய் ஒரு காலத்தில் புதுச்சேரியை உலுக்கியது. 1975-ல் இங்கே நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் எண்பதுகளின் தொடக்கத்தில் கொசுவை எதிர்த்துப் பெரும் திட்டமே நடத்தியது. இளையவர்களிடம் அந்த வீக்கத்தை இப்போது பார்ப்பது அரிதாகிவிட்டது. பழைய வீக்கம் வற்றுவதில்லை. வெயிலில் இன்னும் கூடும். எந்த அளவுச் செருப்பும் அவருக்குச் சேராது. வார் புறங்காலை அறுக்கிறது. அறுத்த இடத்தில் கிருமி புகுந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் வீக்கம் ஒருபடி ஏறும்.

மரத்தடியில் செருப்பு தைக்கிறவர் ஒருவர் அவருக்கென்று அகலமான அடி வெட்டி, நெகிழ்த்தி ஒட்டும் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கு காய ஒற்றி, இரவில் தலையணைமேல் காலை உயர்த்தி வைத்து, இந்தச் செருப்பையும் போட்ட பிறகு காய்ச்சல் குறைந்திருக்கிறது என்றார். மரத்தடியில் உட்கார்ந்து செருப்பு தைப்பவரும் வைத்தியர்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

*

அக்காவைக் கடைக்கு அழைத்துப் போனேன். மாலையில்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நாள் முழுக்க நின்ற கால் அந்தியில்தான் முழு அளவுக்கு வீங்கியிருக்கும். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து கொண்டுபோனோம். இரண்டு காலும் ஒரே அளவு இல்லை. பெரிய காலுக்குத்தான் எடுக்கவேண்டும். நீள விரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடம். செருப்பை இரு முனையிலும் பிடித்து வளைத்துப் பார்த்தேன். விரல் மடங்கும் இடத்தில் வளைந்தால் எடுக்கலாம், நடுவில் மடிந்தால் வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மெதுவாக எழும்பவேண்டும். அமுங்கியே கிடந்தால் இரண்டு மாதத்தில் தட்டையாகிவிடும். விரல் இடுக்கில் வார் போகும் மாதிரியைத் தள்ளிவைத்தோம், மரத்த காலுக்கு அது புண் வைக்கும். பின்வார் இருந்தது, கழன்று விழாது.

விலையைக் கேட்டுத் தயங்கினாள். "இந்த விலைக்கு ரெண்டு மூணு ரப்பர் செருப்பு வாங்கலாமே தம்பி." வாங்கினாள்.

வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். போடும் முன் தட்டி உதற வேண்டும், கல்லோ தேளோ உள்ளே இருந்தால் கால் சொல்லாது. முதல் வாரம் வீட்டில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டுப் பழகவேண்டும். கால் எரிகிறதென்று வெந்நீரில் வைக்கக் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும், குனிய முடியாவிட்டால் மகனைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

*

வைகாசித் தேர் வருகிறது. திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து பிடித்தார், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். வடம் பிடிப்பவர்கள் எல்லாரும் வெறுங்கால். மாடவீதி வீடுகளில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் குளிரவைப்பார்கள். ஈஸ்டருக்குப் பின் லூர்து அன்னை திருவிழாவிலும் இதே வெறுங்கால் கூட்டம்தான், இதே ஊரில். சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய்ப் பதினான்கு கிலோமீட்டர் நடந்து வந்தவர்களும் எங்கள் தெருவில் உண்டு. கடவுள் முன் செருப்பில்லாமல் நிற்கும் மனதை நான் மதிக்கிறேன், எனக்கும் அந்த மனம் உண்டு. மரத்த காலோடு நண்பகல் தார்மேல் நடந்து கொப்புளம் வந்து, கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்டு விரலை எடுத்த கதைகளையும் கேட்டிருக்கிறேன். இரண்டும் எனக்குள் இருக்கின்றன.

அக்கா தேருக்குப் போகத்தான் போகிறாள். தடுக்க நான் யார்? தேரடி வரை செருப்போடு போய், வெயில் ஏறும் முன் தடித்த பருத்திக் காலுறையோடு வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்றாள். "சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டாள். கோவிச்சுக்காது என்றேன்.

அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டரிடம் காலைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. அதை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிட வேலை, விலையும் சொற்பம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது, கத்திரிக்கு முன்பாக, இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அந்த வரிசையில் நிற்பவர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். பார்ப்பதற்குக் குனிந்தால் போதும்.